ஆயுளுக்குப் பின் 60 ஆண்டா, 28க்குப் பின் 28ஆ? பதிப்புரிமைக் காலம்: ஓர் ஒப்பீடு

பதிப்புரிமை எவ்வளவு காலம் நீடிக்க வேண்டும் என்ற வாதத்தில் மோதுவது இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, இன்று பெரும்பாலான நாடுகளில் இருப்பது: எழுதி முடித்ததுமே உரிமை வந்துவிடும், ஆசிரியர் இறந்த பிறகு இந்தியாவில் 60 ஆண்டும், ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் 70 ஆண்டும் தொடரும். மற்றொன்று, 1909 சட்டப்படி அமெரிக்காவில் இருந்தது: வெளியானதிலிருந்து 28 ஆண்டு, விண்ணப்பித்துப் புதுப்பித்தால் இன்னொரு 28. நான் இரண்டாவதன் பக்கம்.

எழுத்தாளருக்குத் தனிப் பொருளாதாரப் பாதுகாப்பு தேவையா என்றால், கட்டாயம் தேவை. உழைப்பெல்லாம் முதல் பிரதியிலேயே போய்விடுகிறது. நகலெடுப்பவருக்கோ செலவே இல்லை. அந்தப் பாதுகாப்பைக் காலத்தை நீட்டித் தர முடியுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஆண்டுக்கு 1,000 ரூபாய் ராயல்டி தரும் நூல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 7 சதவீதம் என்றால், காலாகாலத்துக்கும் வரப்போகும் அந்தப் பணத்தின் இன்றைய மதிப்பு சுமார் 14,285 ரூபாய். இதில் 85 சதவீதம் முதல் 28 ஆண்டிலேயே அடங்கிவிடுகிறது. 56 ஆண்டில் ஏறக்குறைய 98 சதவீதம். நூல் வந்தபின் ஆசிரியர் 30 ஆண்டு வாழ்ந்து, அதன்மேல் 70 ஆண்டு உரிமை ஓடினாலும் கூடுதலாகச் சேர்வது சுமார் 2 சதவீதம். வட்டியை 3 சதவீதமாகக் குறைத்தால் 56 ஆண்டின் பங்கு 81 ஆக இறங்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்தக் கணக்கே விற்பனை கடைசிவரை குறையாது என்ற தாராளமான அனுமானத்தில் போட்டது. 57ஆம் ஆண்டு வரவை நம்பி எந்தப் பதிப்பாளரும் இன்று முன்பணத்தை உயர்த்தித் தர மாட்டார்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது உரிமையின் பராமரிப்பு. 1975இல் இறந்த ஒருவரின் சிறுகதைத் தொகுப்பை மறுபதிப்புச் செய்ய வேண்டும். இந்தியச் சட்டப்படி இறந்ததற்கு அடுத்த ஆண்டிலிருந்து எண்ண வேண்டும் என்பதால் உரிமை 2035 டிசம்பர் 31 வரை இருக்கிறது. முதலில் இறந்த ஆண்டை உறுதிசெய்ய வேண்டும். பிறகு பழைய ஒப்பந்தம்: உரிமையையே எழுதிக் கொடுத்தாரா, அச்சிட மட்டும் அனுமதித்தாரா? பதிப்பகம் மூடப்பட்டிருந்தால் அந்தக் காகிதம் கிடைப்பது அரிது. உயில் இல்லையென்றால் உரிமை வாரிசுகளிடையே பிரியும். மூன்று பிள்ளைகளில் இருவர் காலமாகி, அவர்களுக்கு ஏழு பிள்ளைகள் இருந்தால் எட்டுக் கையெழுத்து வேண்டும். ஒருவர் மறுத்தாலும், வெளிநாட்டில் முகவரி தெரியாமல் போனாலும் வேலை நின்றுவிடும். முன்னுரை எழுதியவருக்கும் மொழிபெயர்த்தவருக்கும் தனித்தனி உரிமை உண்டு. அவரவர் இறந்த ஆண்டை வைத்து அதையும் கணக்கிட வேண்டும். உரிமையாளரையே கண்டுபிடிக்க முடியாதபோது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவின்படி அனுமதி கேட்கலாம். அதற்கு நாடெங்கும் பரவலாக விற்கும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டு, பிறகு விண்ணப்பித்து, நிர்ணயித்த ராயல்டியைக் கட்ட வேண்டும். ஐந்நூறு பிரதி போடும் சிறு பதிப்பகம் இதில் இறங்காது. நூல் அப்படியே மறைந்துபோகும்.

புதுப்பிக்கும் முறையில் 28ஆம் ஆண்டில் ஒருவர் விண்ணப்பித்தாக வேண்டும். பதிவேட்டில் புதிதாக ஒரு பெயரும் முகவரியும் ஏறும்; அனுமதி கேட்பவர் அங்கிருந்து தொடங்கலாம். யாரும் விண்ணப்பிக்காத நூல் பொதுவுக்கு வந்துவிடும். அமெரிக்காவில் அந்த முறை இருந்தபோது புதுப்பிக்கப்பட்டவை, பதிவானவற்றில் ஏறக்குறைய 15 சதவீதமே. மற்றவற்றை வைத்திருக்க உரிமையாளர்களே அக்கறை காட்டவில்லை.

குறைகளும் கடுமையானவை. 28ஆம் ஆண்டுக்குள் விண்ணப்பிக்கத் தவறினால் உரிமை போய்விடும். வழக்கறிஞர் வைத்திருக்கும் நிறுவனம் தேதியைத் தவறவிடாது, தனியாக இருக்கும் எழுத்தாளர் தவறவிடுவார். இரண்டாவது 28 ஆண்டு ஆசிரியருக்கோ குடும்பத்துக்கோ திரும்பட்டும் என்றுதான் சட்டம் எழுதப்பட்டது. ஆனால் அந்தப் பங்கையும் முன்கூட்டியே எழுதி வாங்கலாம் என்று 1943இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே கால அவகாசத்தை ஓராண்டுக்குப் பதில் சில ஆண்டுகளாக்கி, 28ஆம் ஆண்டில் உரிமை ஆசிரியருக்கே திரும்பும், முன்பு எழுதிக் கொடுத்தது செல்லாது என்று சேர்க்க வேண்டும். இன்றைய அமெரிக்கச் சட்டத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு: எழுதிக் கொடுத்து 35 ஆண்டானதும் ஆசிரியர் அதை ரத்து செய்யலாம், 2 முதல் 10 ஆண்டு முன்னதாக அறிவிப்புக் கொடுத்தால் போதும். சம்பளத்துக்கு எழுதியவற்றுக்கு மட்டும் இது பொருந்தாது.

பழைய அனுபவம் முழுக்கக் காகிதப் பதிவேட்டுக் காலத்தது. இணையத்தில் அதே 15 சதவீதம்தான் வரும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையும் குறுக்கே நிற்கிறது: ஆயுளுக்குப் பின் 50 ஆண்டு என்பது அதன் குறைந்தபட்சம், அதற்குள் வெளிநாட்டுப் படைப்புகளிடம் பதிவு கேட்க முடியாது. 50க்கு மேல் உள்ள கடைசி 10 அல்லது 20 ஆண்டுக்கு மட்டும் பதிவைக் கட்டாயமாக்க அதில் தடையில்லை என்று வாதிடலாம். தொடங்க அதுவே நடக்கக்கூடிய இடம்.

சட்டம் மாறும்வரை ஒப்பந்தத்தில்தான் கவனம் வேண்டும். இந்தியாவில் கால அளவு எழுதப்படாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கே செல்லும். ஆகவே ‘பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு ஆண்டு எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். பிரதி தீர்ந்து 12 மாதத்துக்குள் மறு அச்சு வராவிட்டால் உரிமை திரும்பும் என்ற விதியையும் கையெழுத்துக்கு முன்பே சேர்த்துவிடுங்கள்.