குழந்தையின் கழுத்து வட்டில் சுண்ணாம்புப் படிவு: காத்திருப்பதா, அறுவையா?

காலையில் எழும்போதே தலை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. கூப்பிட்டால் பிள்ளை உடம்போடு சேர்ந்துதான் திரும்புகிறது. லேசான காய்ச்சலும் இருக்கலாம். எக்ஸ்ரேயில் இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவே, மெத்தை போல இருக்கும் வட்டில், வெள்ளையாக ஒரு பொட்டு: அதுதான் சுண்ணாம்புப் படிவு. அதைப் பார்த்ததும் பெற்றோர் பதறுவது இயல்புதான். ஆனால் பெரியவர்களுக்கு வரும் படிவு போல இது நிலைத்து நிற்பதில்லை.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஓய்வு, ஐபுப்ரோஃபென் போன்ற வலி மருந்து, சில நாள் மென்மையான கழுத்துப் பட்டை, இவையே போதும். வலி சில வாரங்களில் அடங்கிவிடும். வெள்ளைப் பொட்டு கரைய மாதக்கணக்கில் ஆகும். வலி போன பிறகும் எக்ஸ்ரேயில் அது தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அறுவை அரிதாகத்தான் தேவைப்படும். படிவு பின்னால் பிதுங்கி தண்டுவடத்தை அழுத்தி, கைகால் பலம் குறைந்துகொண்டே போனால் அதைப் பற்றி யோசிப்பார்கள். வட்டை எடுத்து எலும்புகளை இணைத்தால் அந்த இடத்தில் அசைவு போய்விடும். வளரும் கழுத்துக்கு அது சின்ன விலை இல்லை. அதனால் என் மனம் காத்திருப்பதன் பக்கம்தான். அப்புறம் ஒன்று: நடை தடுமாறினாலோ, சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.