வீட்டு வாசலில் ஸ்விஃப்ட்டுக்கு ஆக்ஸில் மாற்றியாச்சு: ஜி.பி. ரோட்டில் வாங்கிய ஷாஃப்ட் தேறுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பிவிடலாம். ஆக்ஸில் என்று நாம் சொல்கிற அந்த ஷாஃப்ட் நல்ல சரக்கு. அதே பெட்டியில் கூட வந்த நட்டும் கிளாம்ப்பும் மட்டம். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வீட்டிலேயே மாற்ற முடியுமா என்றால் தாராளமாக முடியும், ஆனால் கூலி மிச்சமாகும் என்ற கணக்கில் மட்டும் இறங்காதீர்கள், முதல் தடவை அந்த மிச்சம் அப்படியே டூல்ஸ் கடைக்குத்தான் போகும்.

வண்டி 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல். ஸ்டியரிங்கை வலது பக்கம் முழுசாக ஒடித்து யு டர்ன் எடுத்தால் இடது முன் சக்கரத்துப் பக்கமிருந்து கடக் கடக் என்று ஒரு சத்தம், நேராகப் போனால் ஒன்றுமில்லை. முன் சக்கரம் இழுக்கிற எல்லா வண்டிக்கும் வயதானால் வரக்கூடிய கோளாறு இது. கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற ஷாஃப்ட்டின் வெளிமுனையில் இருக்கும் ஜாயின்ட், சக்கரம் எந்தப் பக்கம் திரும்பினாலும் கூடவே வளைந்துகொண்டு சுற்ற வேண்டும். அதை மூடியிருக்கும் மடிப்பு மடிப்பான உறை, அதாவது பூட், கிழிந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் வெளியே தெறிக்கும், அந்த இடத்தில் மண்ணும் மழைத் தண்ணீரும் போய் உட்காரும். சென்னையில் ஒரு நவம்பர் மாதம் போதும் அதற்கு. சந்தேகம் இருந்தால் ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக ஒடித்து வைத்துவிட்டு, டார்ச் அடித்து டயருக்கு உள்பக்கம் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்திலும் ஷாக் அப்சார்பர் மேலேயும் கறுப்பாகக் கிரீஸ் கோலம் போட்டிருந்தால் விஷயம் இதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேருக்குத் தேவையில்லாமல் முழு ஷாஃப்ட்டையும் தலையில் கட்டிவிடுகிறார்கள். பூட் மட்டும் கிழிந்திருக்கிறது, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் பூட் கிட் வாங்கி மாற்றினாலே போதும், ஷாஃப்ட்டோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு, பூட், கிளாம்ப், ஒரு பாக்கெட் கிரீஸ் எல்லாம் அதிலேயே வரும். சத்தம் வந்துவிட்டதென்றால் கதை வேறு. நான் பழையதைக் கழற்றிய பிறகு வெளி ஜாயின்ட்டைத் தனியாகப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தேன். ஒரு வளையத்தில் ஆறு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு குண்டு, அந்தக் குண்டுகள் ஓடுவதற்கு மேலும் கீழும் வளைந்த தடம். அதில் இரண்டு தடத்தில் விரலை வைத்துத் தேய்த்தால் நகம் போய் மாட்டுகிறது, அந்த அளவுக்குக் குழி. அந்தக் குழியில் குண்டு விழுந்து ஏறுவதுதான் நாம் கேட்கும் கடக். அதற்குமேல் புது கிரீஸ் அடைத்தால் சத்தம் கொஞ்ச நாள் அமுங்கும், அவ்வளவுதான்.

வாங்குவதற்கு மூன்று வழி. கார் கம்பெனியின் அசல் பாகம், விலையைக் கேட்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகலாமா என்று தோன்றும். இன்னொன்று, பழைய வண்டிகளைப் பிரித்த சாமான் கிடைக்கும் புதுப்பேட்டை. கதவு, பம்பர், கண்ணாடி என்றால் நானே புதுப்பேட்டைக்குத்தான் போவேன், ஆனால் இது உள்ளே தேய்கிற சாமான், அந்த ஷாஃப்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எந்தத் தண்ணீரில் நின்றது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் மூன்றாவது வழி, சென்னையில் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் வெளிக் கம்பெனி செய்த புது ஷாஃப்ட், இரண்டு ஜாயின்ட்டும் பூட் உறைகளும் மாட்டி அப்படியே தூக்கிப் போடுகிற மாதிரி. விலை அசலில் பாதிக்கும் கீழே. பிராண்டு பெயரை இங்கே போடவில்லை, ஒரு பீஸை வைத்து ஒரு கம்பெனியை எடை போடுவது சரியில்லை.

கடையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கவுன்டரில் இருந்தவர் நான் "ஸ்விஃப்ட்" என்று வாயெடுத்ததுமே, "பெட்ரோலா டீசலா? லெஃப்ட்டா ரைட்டா? ஏபிஎஸ் இருக்கா சார்?" என்று மடமடவென்று கேட்டார். இதையெல்லாம் கேட்காமல் பெட்டியை எடுத்து நீட்டுகிற கடையில் வாங்காதீர்கள். இடதும் வலதும் ஒரே நீளம் கிடையாது, கியர் பாக்ஸ் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருப்பதால் ஒன்று குட்டை, ஒன்று நெட்டை. ஏபிஎஸ், அதாவது பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு, உள்ள சில மாடல்களுக்கு ஜாயின்ட் மேலேயே பல் வெட்டிய வளையம் ஒன்று உண்டு, அது இல்லாத ஷாஃப்ட்டை மாட்டினால் மீட்டரில் லைட் எரிந்துகொண்டே இருக்கும். அப்புறம் இரண்டு முனையிலும் இருக்கிற ஸ்பிளைன் பற்கள், அதாவது எதிர்ப் பக்கத்துப் பள்ளங்களில் பொருந்தி உட்காரும் நீளவாட்டுப் பற்கள். அவர் பெட்டியைப் பிரித்து, ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணி, கேட்லாக்கில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் பில் போட்டார். "வீட்லயே மாட்டப் போறீங்களா சார்? அப்ப ஆயில் சீலும் ஒண்ணு எடுத்துக்கங்க. சின்ன காசுதான். பழசுலயே விட்டு அது ஒழுக ஆரம்பிச்சா மறுபடியும் இவ்வளவையும் கழட்டணும்" என்றார். ஷாஃப்ட் கியர் பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் ஆயில் ஒழுகாமல் அடைக்கிற வளையம்தான் அந்த சீல். கடைக்கு மட்டும் தனியாக மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து.

இப்போது சரக்கு. ஜாயின்ட்டைக் கையில் பிடித்து வளைத்துச் சுற்றிப் பார்த்தால் இறுக்கமாகவும் வழுவழுப்பாகவும் இருந்தது, ஆட்டம் இல்லை. ஸ்பிளைன் மேல் பிளாஸ்டிக் தொப்பி, துருப் பிடிக்காமல் எண்ணெய்ப் பூச்சு, இதெல்லாம் சரி. வெளிப் பூட் கெட்டியான பிளாஸ்டிக் ரகம், நல்ல கனம். குறை எங்கே என்றால், கூட வந்த ஹப் நட், அதாவது சக்கரம் மாட்டுகிற ஹப்போடு ஷாஃப்ட் முனையைப் பிடித்து வைக்கும் பெரிய நட். இந்த வண்டியில் நட்டை முறுக்கி முடித்த பிறகு அதன் விளிம்பை ஷாஃப்ட்டில் இருக்கும் பள்ளத்துக்குள் பஞ்ச் வைத்துத் தட்டி மடக்க வேண்டும், நட் கழலாமல் பிடிக்கிற பூட்டு அதுதான். பெட்டியில் வந்த நட்டின் விளிம்பு மடங்குவதற்குப் பதிலாக விரிசல் விட்டது. சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிற நட் விஷயத்தில் நான் சமாதானம் செய்துகொள்ளத் தயாரில்லை, தூக்கி எறிந்துவிட்டு அசல் நட் வாங்கிப் போட்டேன். உள் பூட்டின் பெரிய கிளாம்ப்பும் லூஸ், கொஞ்ச நாள் ஓடியதும் விளிம்பில் ஈரமாகக் கிரீஸ் எட்டிப் பார்த்தது. வேறு கிளாம்ப் வாங்கி, காதைப் பின்சரால் நசுக்கி இறுக்கிய பிறகு காய்ந்துவிட்டது. நல்ல ஷாஃப்ட்டைச் செய்துவிட்டு இந்த அற்பக் காசுச் சாமானில் மிச்சம் பிடிக்கிற புத்தி எங்கிருந்துதான் வருகிறதோ தெரியவில்லை.

வேலைக்கு வருவோம். முழுப் பாடமும் எடுக்கப் போவதில்லை, சிக்கல் வருகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஹப் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும், அதற்கு முன்னால் மடக்கிய விளிம்பை உளியால் நிமிர்த்திவிட வேண்டும். நட்டின் சைஸ் 30, 32 என்று மாடலுக்கு மாடல் மாறும், அளந்து பார்த்துவிட்டு சாக்கெட் வாங்குங்கள். என் மச்சானை உள்ளே உட்கார வைத்து, "பிரேக்க நல்லா அமுக்கிக்கடா, நான் சொல்ற வரைக்கும் விடாத" என்று சொல்லிவிட்டு, நீளமான பிரேக்கர் பார் மேல் ஒரு ஜிஐ பைப்பையும் சொருகித் தொங்கினேன். டொக் என்று ஒரு சத்தம் வரும், நட் உடைந்துவிட்டதோ என்று வயிறு கலங்கும், அது தளர்ந்த சத்தம்தான்.

ஜாக்கி வைத்துத் தூக்கியதும், காரைத் தாங்கிப் பிடிக்கிற ஸ்டாண்டு. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஹாலோ பிளாக்கை அடுக்கி வைத்து அதன்மேல் காரை நிறுத்தும் வீடியோக்கள் எல்லாம் உலவுகின்றன, அந்தக் கல் முன்கூட்டிச் சொல்லிவிட்டு விரிசல் விடாது, ஒரே நொடியில் நொறுங்கும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்குக் கீழே கனமான பலகை போடுங்கள்.

அடுத்தது கியர் ஆயிலை வடிப்பது. வடிக்காமல் ஷாஃப்ட்டை உருவினால் வாசலெல்லாம் ஆயில்தான், அந்த கந்தக நாற்றம் கையை விட்டு லேசில் போகாது. பிறகு, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் பால் ஜாயின்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றி, ஆர்மைக் கீழே அழுத்தி விடுவிக்க வேண்டும். இதற்கென்று விற்கிற பெரிய லீவர் எதுவும் தேவைப்படவில்லை, தென்னங்கன்று வைக்க வாங்கிய கடப்பாரையே போதுமாக இருந்தது. சிலர் இதற்குப் பதிலாக மேலே ஷாக் அப்சார்பரின் இரண்டு போல்ட்டைக் கழற்றுவார்கள், சுலபம்தான், ஆனால் சக்கரத்தின் சாய்வு மாறிப்போக வாய்ப்பு உண்டு, அப்புறம் அலைன்மென்ட் கடைக்குப் போய் நிற்க வேண்டும்.

ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வெளியே வர அடம்பிடிக்கும். நேரடியாகச் சுத்தியால் அடித்தால் மரை சப்பிப் போகும். நட்டை முனை வரைக்கும் திருகி வைத்து, நடுவில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து அடிக்க வேண்டும். கியர் பாக்ஸ் பக்கம் எடுக்கும்போது ஷாஃப்ட்டின் தண்டைப் பிடித்து இழுக்கவே கூடாது, உள் ஜாயின்ட் உள்ளுக்குள்ளேயே பிரிந்து கையோடு வந்துவிடும். ஜாயின்ட்டின் உடம்புக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் லீவரைக் கொடுத்து வெடுக்கென்று ஒரு நெம்பு, உள்ளே பிடித்திருக்கும் சர்க்கிளிப் என்ற கம்பி வளையம் விட்டுவிடும். லீவர் முனையை ரொம்ப உள்ளே விட்டால் ஆயில் சீல் காலி, எப்படியும் புதுசு போடப் போகிறோம் என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லாமல் போனது. கவுன்டர்காரருக்கு நன்றி.

புதியதை மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவி, பற்களைப் பொருத்தி, நேராக வைத்துத் தள்ளினால் க்ளிக் என்று உட்காரும். உட்கார்ந்ததா என்று பார்க்க உள் ஜாயின்ட்டின் உடம்பைப் பிடித்து லேசாக வெளியே இழுங்கள், வரக்கூடாது. ஹப் நட்டுக்குக் கடைசி முறுக்கு, சக்கரம் தரையில் இறங்கிய பிறகு, இறுக்கத்தை அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்ச் வைத்துத்தான். ஸ்விஃப்ட் சைஸ் வண்டிகளுக்கு இது 170, 200 நியூட்டன் மீட்டர் என்றெல்லாம் போகும், வீல் நட்டுக்குக் கொடுக்கிற இறுக்கத்தைப் போல இரண்டு மடங்கு. உங்கள் மாடலுக்கான எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் வீல் பேரிங் ஆட்டம் கண்டுவிடும், அதே காரணத்துக்காகத்தான் ஷாஃப்ட் இல்லாமல் வண்டியைத் தரையில் இறக்கித் தள்ளக்கூடாது என்பார்கள். மறக்காமல் கியர் ஆயிலை, அளவு காட்டும் லெவல் பிளக் துளை வரைக்கும் ஊற்றிவிடுங்கள்.

எங்கள் ஏரியா கேரேஜ் ஒன்றில் முன்பு இதே வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஹப் நட்டை ஏர் கன்னால் தடதடவென்று அடித்து ஏற்றினார்கள், எவ்வளவு இறுக்கம் என்று அந்தக் கன்னுக்கும் தெரியாது, பிடித்திருந்த பையனுக்கும் தெரியாது. வீட்டில் செய்ய எனக்கு ஆசை வந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

டூல்ஸில் எங்கே செலவு செய்யலாம் என்று கேட்டால், ஸ்டாண்டுக்கும் டார்க் ரெஞ்சுக்கும். 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை போகிற அரை இஞ்ச் ரெஞ்ச் இந்த வேலைக்குச் சரியாக இருக்கும். மீதியெல்லாம் சாதாரண ரகமே போதும்.

மாட்டிய அன்றே காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழு லாக் ஒடித்து எட்டு போட்டுப் பார்த்தேன், சத்தம் போயே போய்விட்டது. ஈ.சி.ஆரில் 80, 90 வேகத்தில் ஸ்டியரிங்கில் நடுக்கம் இல்லை, மலிவு ஷாஃப்ட்டில் எனக்கு இருந்த பெரிய பயமே அதுதான். மழைக்காலம் ஒன்று தாண்டிவிட்டது, சீல் ஓரம் ஒழுகல் இல்லை, வெளிப் பூட்டில் வெடிப்பு இல்லை. அந்த நட்டையும் கிளாம்ப்பையும் ஒழுங்காகக் கொடுத்திருந்தால் நாலரை போட்டிருப்பேன். இதே ரகம் வாங்குகிறவர்கள் அசல் ஹப் நட் ஒன்றைச் சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள். வலது பக்கப் பூட் இப்போதுதான் மடிப்பில் லேசாக வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, சத்தம் ஏதுமில்லை, அதற்கு பூட் கிட் மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.