காற்றில்லா சைக்கிள் டயர்: விண்வெளி உலோகமா, நுரையா, காற்றேதானா?

காற்றில்லா டயர் விற்பவர்கள் முதலில் சொல்வது "இனி பஞ்சரே கிடையாது" என்பதுதான். உண்மைதான். ஆனால் காற்றில்லாத எல்லா டயருக்கும் அது பொருந்தும் என்பதால், எது மேல் என்று முடிவு செய்ய அது உதவாது. பார்க்க வேண்டியது வேறு. தரையில் அமுங்கும்போது டயர் வாங்கிக்கொள்ளும் சக்தியில், நிமிரும்போது எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது? திரும்பாத மிச்சம் முழுவதும் மிதிப்பவரின் காலிலிருந்துதான் போகிறது.

1888இல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப் காற்று டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குமுன் ஓடிய சைக்கிள்களில் கெட்டி ரப்பர்தான். காற்று ஜெயித்ததற்குக் காரணம் மெத்தென்ற சவாரி மட்டுமல்ல. காற்று அமுங்கி விரிவதில் சக்தி ஏறக்குறைய வீணாவதே இல்லை. வீணாவது ரப்பரும் உள்நூலும் வளைந்து நிமிர்வதில் மட்டும். சுமையில் எத்தனை பங்கு உருளும்போது எதிர்த்து இழுக்கும் விசையாகிறது என்பதுதான் உருளல் எதிர்ப்புக் கெழு. நல்ல காற்று டயருக்கு அது 0.005 அளவில் இருக்கும். கெட்டி நுரை டயர் 0.010ஐத் தொடலாம்.

ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, வேகம் மணிக்கு 20 கி.மீ. என்று வையுங்கள். முதல் டயருக்கு 22 வாட் போகும், இரண்டாவதற்கு 44. சமதளத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அந்த வேகத்தில் போகிறவர் மொத்தமே 80 முதல் 90 வாட்தான் கொடுக்கிறார். கூடுதல் 22 வாட் என்பது அதில் கால் பங்கு. தினமும் 15 கி.மீ. ஓட்டுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல.

நிட்டினால் டயர்

நிக்கல் அணுக்களும் டைட்டானியம் அணுக்களும் ஏறக்குறைய சரிபாதி சேர்ந்த கலவைதான் நிட்டினால். 1950களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் பியூலர் உருவாக்கியது. சாதாரண ஸ்டீல் கம்பியை அரை சதவீதத்துக்கு மேல் இழுத்தாலே கோணல் நிலைத்துவிடும். நிட்டினால் 8 சதவீதம் வரை இழுபட்டும் பழைய நிலைக்கு வரும். இழுவிசையில் அதன் படிக அடுக்கே வேறு அமைப்புக்கு மாறுகிறது; விசை போனதும் பழைய அமைப்புக்குத் திரும்புகிறது.

கிளீவ்லாந்தில் உள்ள நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில், வேற்றுக்கிரக வண்டிகளுக்காக ஸ்டீல் கம்பிவலை டயர்களைச் சோதித்தபோது கல்லில் ஏறிய இடமெல்லாம் நிரந்தரமாகக் குழி விழுந்தது. அங்கேயே இருந்த உலோகவியலாளர் சான்டோ படுலா நிட்டினாலை முன்வைக்க, பொறியாளர் காலின் கிரேகருடன் சேர்ந்து புதிய வலை டயர் பிறந்தது. அதை உரிமத்தில் எடுத்து சைக்கிளுக்குக் கொண்டுவந்தது தி ஸ்மார்ட் டயர் கம்பெனி. 'மெட்டல்' (METL) என்ற பெயரில், 700சி எனப்படும் ரிம் அளவுக்கு, மக்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 2023இல் அறிவித்தார்கள். சுருள் சுருளாகப் பின்னிய நிட்டினால் ஸ்பிரிங், அதன்மேல் ரப்பர். அப்போது ஜோடி விலை 500 டாலர் அளவில், அதாவது நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல்.

"விண்வெளியில் ஓடிய தொழில்நுட்பம்" என்ற விளம்பரப் பேச்சைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும். நிலவில் 1971, 72இல் ஓடியவை துத்தநாகம் பூசிய ஸ்டீல் கம்பிவலைச் சக்கரங்கள், நிட்டினால் அல்ல. அப்போலோ 17இன் வண்டி ஓடிய மொத்தத் தூரமே சுமார் 36 கி.மீ. சைக்கிள் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். பத்தாயிரம் கி.மீ. ஓடினால் 47 லட்சம் சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு இடமும் ஒருமுறை அமுங்கி நிமிரும்.

8 சதவீதம் என்ற எண்ணை இந்த இடத்தில்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது எப்போதாவது விழும் பெரிய குழிக்கான எண். ஒரு கோடி முறை வளைந்தும் நிட்டினால் விரிசல் விடக்கூடாது என்றால், ஒவ்வொரு வளைவிலும் திரிபு (உலோகம் நீளும் அல்லது சுருங்கும் அளவு) 0.4 சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்களை வடிவமைப்பவர்களுக்கு இது பழகிய கணக்கு. கம்பியைச் சுருளாக்குவதன் பயன் இதுதான்: டயர் சில மில்லிமீட்டர் அமுங்கினாலும் கம்பியின் ஒவ்வொரு இடமும் துளிதான் முறுகும். அந்தச் சிறு அளவில் உலோகம் வாங்கியதை ஏறக்குறைய முழுதாகத் திருப்பித் தரும். நுரையிலிருந்து இது அடிப்படையிலேயே விலகும் இடம் அதுதான். என் பார்வையில், காற்றோடு நேருக்கு நேர் நிற்கும் தகுதி இந்த வகைக்கு மட்டுமே உண்டு.

குறைகளும் உண்டு. தரையில் உரசுவது ரப்பர்தான். உலோகம் காலத்துக்கும் நின்றாலும் ரப்பர் தேயும், மறுபடி ஒட்டியாக வேண்டும். நிக்கல் அளவு 0.1 சதவீதம் மாறினாலே உலோகம் குணம் மாறும் வெப்பநிலை பத்து டிகிரி அளவுக்கு நகரும். அதனால் கம்பி தயாரிப்பில் கெடுபிடி அதிகம், விலையும் அப்படியே. நம்மூர் ரோட்ஸ்டர் சைக்கிளின் 28 அங்குல ரிம் 635 மி.மீ., 700சி ரிம் 622 மி.மீ. 700சிக்கு எடுத்த டயர் ரோட்ஸ்டர் ரிம்மில் ஏறாது.

நுரை டயர்

கொரியாவின் டானஸ் இதில் பெயர் பெற்றது. மூடிய நுண்ணறைகள் கொண்ட பாலிமர் நுரை, டயரும் டியூபும் ஒன்றே. 'மெட்டல்' டயரைவிட விலை பல மடங்கு குறைவு. குறுகிய தூரம், சமதளம், மெதுவான ஓட்டம் என்றால் தாராளமாகப் போடலாம்.

கெடுவது பெரும்பாலும் மாட்டுவதில்தான். ரிம்மின் உள் அகலத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, அந்த அகலத்துக்கான பின்களைத்தான், அதாவது டயரை ரிம்மில் பூட்டும் சிறு குச்சிகளைத்தான், டயரில் கோர்க்க வேண்டும். பின்கள் ஒரு அளவு சிறிதாகிவிட்டால் ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி பிடிக்காது. பிரேக் அடிக்கும்போது டயர் ரிம்மில் நகரும், வளைவில் கழன்று வரும். டயரைச் சுடுநீரில் சில நிமிடம் போட்டு எடுத்தால் இளகும். ஒரு இடத்தில் தொடங்கி இருபுறமும் பின்களை அழுத்தி வாருங்கள். ஏறிய பகுதி நழுவாமல் ரிம்மோடு சேர்த்து பிளாஸ்டிக் டையால் கட்டிக்கொள்ளுங்கள். கடைசி ஒரு சாண் நீளம்தான் படுத்தும்.

ஓட ஆரம்பித்தபின் வருவது வேறு தொல்லை. காற்று விழுங்கும் சிறு அதிர்வை நுரை விழுங்காது. அது ரிம்முக்கும் ஸ்போக்ஸ் கம்பிக்கும் போகும். பின்சக்கரத்தில் கோட்டம் அடிக்கடி எடுக்க நேரும். பாரம் ஏற்றிய சைக்கிளை வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தினால் அமுங்கிய இடம் தட்டையாகவே நின்றுவிடும். வெயிலில் இன்னும் சீக்கிரம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் துளைத்துளையான தேன்கூட்டு டயர்களை வாங்காதீர்கள். மோபைக் போன்ற வாடகை சைக்கிள் நிறுவனங்களுக்குப் பஞ்சர் ஒட்ட ஆள் அனுப்பும் செலவு மிச்சம் என்பதால் காற்றில்லா டயர் கணக்கு சரியாக வந்தது. சொந்த சைக்கிளில் அந்தக் கணக்கு இல்லை.

இரண்டுக்கும் நடுவே ஸ்வால்பே டயர் நிறுவனத்தின் ஏர்லெஸ் முறை இருக்கிறது: வெளியே சாதாரண ரப்பர் டயர், உள்ளே டியூபுக்குப் பதில் பி.ஏ.எஸ்.எஃப். (BASF) நிறுவனத்தின் ஊதிப் பெருக்கிய பாலியூரிதேன் மணிகளால் ஆன வளையம். அடிடாஸ் பூஸ்ட் காலணியின் அடிப்பாகமும் அதே பொருள்தான். நுரைகளில் அதிகம் திருப்பித் தருவது இது.

காற்று டயர், தகுந்த காப்போடு

காற்றில்லா வகை எதிலும் கிடைக்காத ஒரு வசதி காற்றில் இருக்கிறது: இறுக்கத்தை மாற்றலாம். 55 கிலோ மாணவி ஓட்டும்போதும், அதே சைக்கிளின் கேரியரில் அப்பா அரிசி மூட்டை ஏற்றும்போதும் பம்ப் போதும். நுரையும் உலோகமும் வாங்கிய நாளின் விறைப்பிலேயே நிற்கும்.

முள்தான் பயம் என்றால், 5 மி.மீ. தடித்த காப்புப் பட்டை உள்ள ஸ்வால்பே மாரத்தான் பிளஸ் போன்ற டயர் போடலாம். கனம் கூடும், உருளலும் சற்று மந்தமாகும். ஆனாலும் நெருஞ்சி முள் டியூபைத் தொடாது. நீளமான சீமைக்கருவேல முள்ளுக்கு, துளையை உள்ளிருந்து அடைக்கும் திரவமான சீலன்ட் துணை வேண்டும். டியூப்லெஸ் 700x35 டயருக்கு 50 மி.லி. ஊற்றுங்கள். வெயில் ஊர்களில் சீக்கிரம் காயும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுங்கள். ரோட்ஸ்டர் டியூபின் வால்வில் நடுத்தண்டை உருவினால் வாய் அகலமாக இருக்கும், சீலன்ட் எளிதில் இறங்கும்.

ஒட்டிய டியூப் மறுநாளே இறங்குகிறது என்றால் பேட்ச்சைத் திட்ட வேண்டாம். முள்ளின் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு துண்டுப் பஞ்சை டயரின் உட்புறம் முழுக்க இழுத்து வாருங்கள். நார் சிக்கும் இடத்தில்தான் அது இருக்கும். வெளிப்பக்கமிருந்து அழுத்தி, உள்ளே எட்டிப் பார்ப்பதைக் குறடால் பிடுங்கிவிட்டு டியூபை மாட்டுங்கள்.