ஆட்சிக்குழுவில் பெண்கள்: சட்டமா, இலக்கா, காலியிடமா?

ஒரு மருத்துவமனையின் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்தேன். மேசையைச் சுற்றிப் பதினான்கு பேர், அதில் பெண்கள் இருவர். செவிலியர் பணிநேரம் பற்றிய தீர்மானம் வந்ததும் தலைவர் அந்த இருவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அடுத்தது ஸ்கேன் கருவி வாங்கக் கடன். அப்போது அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. இத்தனைக்கும் அந்த இருவரில் ஒருவர் முப்பது வருடம் கணக்குத் தணிக்கை செய்தவர்.

தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை என்ற பேச்சை மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகிய இரண்டு துறைகளின் ஆட்சிக்குழுக்களைப் பற்றிச் சொல்லவே கூடாது. சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பெண்கள், உயர் பொறுப்புகளில் 25 சதவீதம்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் நாடுகள் ஏராளம். ஆள் இருக்கிறார்கள், மேசைக்கு வந்து சேரவில்லை. வரவழைக்க உலகம் முயன்று பார்த்த வழிகளில் எது தேறும், எது வெறும் கண்துடைப்பு என்று பார்ப்போம்.

சட்டம் போடுவது

பேச்சு எடுத்தாலே நார்வேதான் வரும். பொதுப் பங்கு நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் இரு பாலரும் குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று 2003-ல் சட்டம் இயற்றினார்கள். முதலில் நிறுவனங்கள் தாமாக முன்வரட்டும் என்று விட்டுப் பார்த்தார்கள், வரவில்லை. பிறகு, இணங்காவிட்டால் நிறுவனத்தையே கலைத்துவிடலாம் என்ற நிலை வந்தது. 2008-க்குள் எண்ணிக்கை எட்டிவிட்டது. தகுதி குறைந்தவர்கள் வந்து நிரம்புவார்கள் என்ற பயமும் பொய்த்தது. புதிதாக வந்த பெண்கள், அதற்கு முன் குழுவில் இருந்த பெண்களைவிடத் தகுதி கூடியவர்கள் என்றே ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் இன்னொன்றையும் அவர்களே சொன்னார்கள்: மேலே பெண்கள் வந்ததால் கீழே வேலை பார்க்கும் பெண்களின் நிலை பெரிதாக மாறிவிடவில்லை.

அது கம்பெனிக் கதை, பல்கலைக்கழகத்துக்குச் சரிப்படுமா என்று கேட்டால், ஆஸ்திரியாவைக் காட்டலாம். அங்கே 2009-ல் பல்கலைக்கழகக் குழுக்களில் பெண்களுக்கு 40 சதவீதம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள், பின்னர் அதை 50 ஆக்கினார்கள்.

பிரான்ஸ் போன வழி இன்னும் சுவாரசியம். அங்கே பல்கலைக்கழக மன்றங்களுக்குத் தேர்தல் நடக்கும், போட்டி வேட்பாளர் பட்டியல்களுக்கு இடையே. பட்டியலில் ஆண், பெண் என்று மாறி மாறிப் பெயர் வர வேண்டும் என்று 2013-ல் சட்டம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு பட்டியலுக்கு ஒரே ஒரு இடம் கிடைத்தால் உள்ளே போவது முதல் பெயர் மட்டும். ஐந்து பட்டியலுக்கும் தலையில் ஆண் இருந்து, ஐந்துக்கும் ஓர் இடம் என்றால், சட்டப்படி எல்லாம் சரி, மேசையில் ஐந்து ஆண்கள்.

சட்டத்துக்கு இன்னொரு பலவீனம் நீதிமன்றம். கலிஃபோர்னியா 2018-ல் கொண்டுவந்த இயக்குநர் குழுச் சட்டத்தை 2022-ல் நீதிமன்றம் செல்லாது என்றது.

இலக்கு வைத்து, பெயரை வெளியிடுவது

பிரிட்டன் சட்டம் போடாமல் இதைச் செய்து பார்த்தது. 2011-ல் முன்னணி 100 நிறுவனங்களின் இயக்குநர்களில் பெண்கள் 12.5 சதவீதம். 2015-க்குள் 25 ஆக வேண்டும் என்று ஓர் அரசுப் பரிசீலனைக் குழு இலக்கு வைத்தது. வருடா வருடம் யார் எட்டினார், யார் எட்டவில்லை என்று பட்டியல் வந்தது. 2015-ல் 26 சதவீதத்தைத் தாண்டியது. இதைக் காட்டி, கட்டாயமே வேண்டாம், வெட்கம் போதும் என்பவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். அதே சமயத்தில் ஐரோப்பிய அளவில் 40 சதவீதக் கட்டாயம் வரப்போகிறது என்ற பேச்சு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. அடி விழும் என்று தெரிந்தவன் ஒழுங்காகப் படிப்பது மாதிரிதான்.

கம்பெனிக்குப் பங்குதாரர் இருக்கிறார், பத்திரிகை இருக்கிறது, கேள்வி கேட்பார்கள். ஒரு மருத்துவமனையின் ஆட்சிக்குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று எந்த நோயாளி தேடிப் பார்க்கப் போகிறார்? கேட்க ஆள் இல்லாத இடத்தில் இலக்கு என்பது ஆண்டறிக்கையில் ஒரு பத்தி, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் நடுவே ஸ்காட்லாந்து நிற்கிறது. 2018-ல் வந்த அதன் சட்டம் சுகாதார வாரியங்களையும் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தே பேசுகிறது: நிர்வாகப் பொறுப்பில்லாத உறுப்பினர்களில் 50 சதவீதம் பெண்கள். சமத் தகுதியில் இருவர் நின்றால், அந்த இலக்கு நோக்கிப் பெண்ணைத் தேர்ந்தெடு என்கிறது. அபராதம் இல்லை, ஆனால் என்ன செய்தாய் என்று அறிக்கை தர வேண்டும். எனக்குப் பிடித்த வடிவம் இது.

இறுதிப் பட்டியல், நிதி, பயிற்சி

நேர்காணலுக்கு ஒரு பெண்ணையாவது கூப்பிட வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. அந்த "ஒரு" என்பதில்தான் கோளாறு. 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு பல்கலைக்கழகப் பணிக்கான இறுதிப் பட்டியல்களை அலசியது. நால்வரில் ஒருவர் மட்டும் பெண் என்றால் அவர் தேர்வாகும் வாய்ப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம், இருவர் என்றால் நிலைமையே மாறியது. ஒருத்தி மட்டும் வந்தால் ஒப்புக்குச் சப்பாணி என்று தேர்வுக் குழுவுக்கே தெரிந்துவிடுகிறது போலும்.

பணத்தோடு முடிச்சுப் போடுவது வேகமானது. 2011-ல் இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி, பெண் முன்னேற்றத்துக்கான 'அதீனா ஸ்வான்' வெள்ளிச் சான்று இருந்தால்தான் சில பெரிய மருத்துவ ஆய்வு நிதிகள் என்று அறிவித்தார். அதுவரை அந்தச் சான்றைத் திரும்பிப் பார்க்காத மருத்துவக் கல்லூரிகள் ஓடி வந்தன. காகித வேலை கழுத்தை நெரிக்கிறது என்று 2020-ல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அப்புறம் நிதிக்குக் கேட்டது துறைகளுக்கான சான்று, ஆட்சிக்குழுவை நேராகத் தொடாது.

பயிற்சி வகுப்புகள்? செலவு குறைவு, யாருக்கும் கோபம் வராது. அதனால்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது. முப்பது வருடம் தணிக்கை செய்தவருக்கு 'வரவு செலவு வாசிப்பது எப்படி' என்று வகுப்பு எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

யாரும் பேசாத வழி: நாற்காலி காலியாவது

எந்த விதி வைத்தாலும் இடம் காலியானால்தான் ஆள் வர முடியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழுவில் 16 பேர், பெண்கள் 4. நான்கு வருடம் வீதம் இரண்டு முறைக்கு மேல் யாரும் இருக்க முடியாது என்றால், சராசரியாக வருடம் இரண்டு இடம் காலியாகும். கிளம்புபவர்கள் எல்லாம் ஆண்கள், வரும் இருவரில் ஒருவர் பெண் என்று வைத்துக்கொண்டால், நான்கே வருடத்தில் எட்டுக்கு எட்டு. பதவிக்கால வரம்பே இல்லாமல், இரண்டு வருடத்துக்கு ஓர் இடம்தான் காலியாகிறது என்றால்? அதே ஒன்று விட்டு ஒன்று முறைப்படி பதினாறு வருடம் ஆகும். விதி ஒன்றுதான், வித்தியாசம் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்.

அடுத்த சிக்கல், இந்தக் குழுக்களில் எல்லா நாற்காலியும் ஒரே வழியில் நிரம்புவதில்லை. சிலர் பதவி வழியாக வருகிறார்கள், சிலரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலரை அரசும் அறக்கட்டளையும் தொழிற்சங்கமும் முன்னாள் மாணவர் சங்கமும் அனுப்பிவைக்கின்றன. எட்டு அமைப்புகள் ஆளுக்கு ஒருவரை அனுப்பி எட்டும் ஆணாக இருந்தால், யாரைக் கேட்பது? "நாங்கள் அனுப்பியது ஒருவரைத்தானே" என்று எட்டுப் பேரும் கை விரிப்பார்கள். டென்மார்க் இதற்கு 1985-லேயே வழி கண்டது. அரசுக் குழுக்களுக்குப் பெயர் பரிந்துரைக்கும் அமைப்பு ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இரண்டு பெயர் தர வேண்டும், நியமிப்பவர் மொத்தத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்.

ஆக, என்னைக் கேட்டால் நாற்காலியைப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பரிந்துரையில் வரும் இடத்துக்கு இரட்டைப் பெயர். தேர்தல் இடத்துக்கு மாறி மாறிப் பட்டியல், ஆனால் பட்டியல்களின் தலைப்பெயர்களிலும் பாதி பெண்கள் என்ற நிபந்தனையோடு. விண்ணப்பித்து வரும் இடத்துக்கு இறுதிப் பட்டியலில் குறைந்தது இருவர். பதவி வழி இடங்களை எந்த ஒதுக்கீடும் தொடாது, டீன் ஆணாக இருக்கும்வரை அந்த நாற்காலியும் ஆணுக்கே. எல்லாவற்றுக்கும் அடியில் பதவிக்கால வரம்பு. இதில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் நான் பிடிப்பது அந்தக் கடைசியை. மற்றதெல்லாம் அது இல்லாமல் ஊர்ந்துதான் போகும்.

பெண்கள் வந்த பிறகும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துணைக்குழு. ஆட்சிக்குழுவுக்கு முந்நூறு பக்கக் கோப்பு வரும்போது நிதிக்குழுவில் விஷயம் முடிந்திருக்கும். நான் குறிப்பெடுத்த அந்த மருத்துவமனையில் அடுத்த வருடத் துணைக்குழுப் பட்டியலைத் தட்டச்சு செய்ததும் நான்தான். தணிக்கை செய்தவரின் பெயர் நலவாழ்வுக் குழுவில் இருந்தது.