தேக்கா மாடியா, கடைத்தொகுதியா: வயிற்றுப்பிள்ளையோடு துணி வாங்கிய கணக்கு

ஐந்தாம் மாதம் தொடங்கிய வாரத்தில் என் சுடிதார்கள் எல்லாம் வயிற்றில் வந்து நின்றுவிட்டன. இருபதாவது வாரத்தில் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்துவிடும் என்று தாதி சொல்லியிருந்தார். கேட்டுக்கொண்டேன், துணிக்கு மட்டும் ஏற்பாடு செய்யவில்லை. அந்த ஒரு மாதத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா நிலையத்தின் இரண்டாம் மாடியிலும் வாங்கினேன், கடைத்தொகுதியில் (ஷாப்பிங் மாலில்) இருக்கும் கர்ப்பகால உடைக் கடையிலும் வாங்கினேன். இப்போது குழந்தைக்கு ஏழு மாதம். எது இன்னும் அலமாரியில் இருக்கிறது, எது கைவிட்டுப் போனது என்று பார்த்தால் என் ஓட்டு தேக்காவுக்குத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைத்தொகுதியின் வசதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. குளிர்சாதனம், போட்டுப் பார்க்கும் அறை, உட்கார இடம், பக்கத்திலேயே கழிவறை. விலை சீட்டில் இருக்கும், 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் அதற்குள் அடங்கிவிடும். பேரம் பேசவே வேண்டாம். களைத்துப்போன நாளில் அந்தப் பேசாமை பெரிய நிம்மதி.

தேக்காவில் அதெல்லாம் கிடையாது. கீழே ஈரச்சந்தை, மீன் வாடையும் ஆட்டிறைச்சி வாடையும் ஏறி வரும். குமட்டல் இருக்கும் முதல் மூன்று மாதத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள், நான் ஒரு முறை போய்ப் பாதியில் திரும்பினேன். மேலே ஏறிவிட்டால் மின்விசிறிக் காற்று, கடைக்குக் கடை தொங்கும் குர்த்தி, புடவை, நைட்டி, நடுநடுவே தையல் இயந்திரத்தின் சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கர்ப்பகாலத்தில் துணி வாங்கும்போது எல்லோரும் விலையைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது பக்கத் தையலை. குர்த்தியை உள்பக்கம் திருப்பி, அக்குளிலிருந்து கீழே ஓடும் தையலை விரலால் தடவிப் பாருங்கள். நம் ஊர்ப் பாணியில் தைத்த சுடிதாரிலும் குர்த்தியிலும் பெரும்பாலும் அங்கே துணி விட்டிருப்பார்கள். முன் துண்டில் ஓர் அங்குலம், பின் துண்டில் ஓர் அங்குலம் இருந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு அங்குலம். புதுத் தையலுக்குக் கொஞ்சம் ஒதுக்கினாலும் சுற்றளவில் மூன்று அங்குலம் சுளையாகக் கிடைக்கும். ஐந்தாம் மாதத்தில் வாங்கிய உடுப்பை எட்டாம் மாதம் வரை போட அந்த மூன்று அங்குலம் எனக்குப் போதுமாக இருந்தது. பிள்ளை பிறந்த பிறகு அதே தையலைத் திரும்பப் பிடித்துக்கொள்ளலாம். கடைத்தொகுதியில் நான் பார்த்த பின்னல் துணி உடைகளில் ஓரம் ஒட்ட வெட்டி, நூல் பிரியாமல் விளிம்பைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் அடித்திருந்தார்கள். பிரிக்க அதில் ஒன்றும் இல்லை. அந்த உடை நீளும் வரை நீளும், பிறகு தொளதொளவென்று ஆகிவிடும்.

இது தெரிந்த பிறகு பேரமும் மாறியது. பரிசோதனை முடிந்து, கேகே மகப்பேறு மருத்துவமனையிலிருந்து புக்கிட் தீமா சாலை வழியாகத் தேக்காவுக்கு மெதுவாக நடந்தே வந்துவிட்டேன். வார நாள் காலை, கூட்டம் இல்லை. கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

“எத்தனை மாசம்மா?”

“அஞ்சு முடியப்போகுதுக்கா.”

“அப்ப எக்ஸெல் எடுக்காத, டபுள் எக்ஸெல் எடு.”

அளவு கூட்டி வாங்கச் சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் தோளும் கையும் அதனால் தொங்கிப் போகும். தோளுக்குச் சரியான அளவை எடுத்துப் பக்கத்தைப் பிரிப்பதுதான் முறை. மூன்று குர்த்தி எடுத்து வைத்தேன். ஒன்று 35 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மொத்தம் 105. நான் 85 கேட்டேன். அவர் 95-க்கு இறங்கி, “இதுக்கு மேல முடியாதும்மா, கட்டாது” என்றார். வழக்கமாக இங்கேதான் நாம் எழுந்து போவதுபோல் பாவனை செய்வோம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவதும் திரும்பி வருவதும் எனக்கு முடியாது. அதனால், “95 சரிக்கா. மூணுக்கும் பக்கத் தையலைப் பிரிச்சுப் போட்டுக் கொடுத்திடுங்க” என்றேன். ஒரு நொடி யோசித்தார். பக்கத்துத் தையல்கார அண்ணனைக் கூப்பிட்டார். மறுநாள் துணி தயார்.

அந்த அண்ணனிடம் தனியாகக் கேட்டிருந்தால் ஒன்றுக்கு 8 வெள்ளி. ஆக, விலையில் 10 வெள்ளியும் தையலில் 24 வெள்ளியும் மிச்சம். இன்னும் கொஞ்சம் விலை குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நின்றிருந்தாலும் இவ்வளவு குறைந்திருக்காது. கடைக்காரருக்குத் தன் பக்கத்துக்காரரிடம் பேசி வேலை வாங்குவது எளிது, விலையை இறக்குவது கடினம். எது அவருக்கு எளிதோ அதைக் கேளுங்கள்.

தையல் விஷயத்தில் இன்னும் மூன்று சொல்ல வேண்டும். பருத்தியும் ரேயானும் சுருங்கும். நேரம் இருந்தால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிட்டுத் தையலுக்குக் கொடுப்பது நல்லது. நான் அவசரத்தில் அப்படிச் செய்யவில்லை, ஒரு குர்த்தி கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அடுத்து, பிரிக்கப் போகிறீர்கள் என்றால் உடனே பிரித்துவிடுங்கள். பத்துச் சலவைக்குப் பிறகு பிரித்தால், உள்ளே மடிந்திருந்த பாகம் மட்டும் பளிச்சென்று தனி நிறத்தில் தெரியும். கடைசியாக நீளம். வயிறு முன்னால் வர வர முன்பக்க ஓரம் மேலே ஏறும், இடுப்புப் பிளவு விரிந்து நிற்கும். பிளவு இல்லாமல் குடைபோல் விரியும் அம்பர்லா கட் எடுத்தால் இந்தத் தொல்லை குறையும். மற்றதில் இரண்டு அங்குலமாவது நீளம் கூடுதலாகப் பாருங்கள்.

இனி கடைத்தொகுதி. அங்கே இரண்டு உடுப்பு வாங்கினேன். வயிற்றைத் தாங்கும் அகல எலாஸ்டிக் பட்டி வைத்த அலுவலகக் கால்சட்டை ஒன்று. அது அருமை, தேக்காவில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. அலுவலகத்தில் மேற்கத்திய உடைதான் என்று இருப்பவர்கள் அதற்குக் காசு கொடுக்கத் தயங்க வேண்டாம். பால் கொடுக்கும் உள்ளாடையும் அப்படித்தான், அளவெடுத்துப் போட்டுப் பார்த்து வாங்குங்கள், அதில் பேரம் வேண்டாம். இன்னொன்று 89 வெள்ளிக்கு ஒரு கவுன். தள்ளுபடியில் எடுத்ததால் மாற்றித் தர முடியாது என்றார்கள். ஏழாம் மாதத்தில் நெஞ்சுப் பக்கம் பிடித்தது, பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுப் பக்கம் தொங்கியது. பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் 25 வெள்ளி என்று போட்டு, கடைசியில் 15-க்குப் போனது.

இணையத்தில் நைட்டி மட்டும்தான் வாங்கினேன், முன்பக்கம் ஜிப் வைத்தது. மலிவு, ஆனால் ஜிப் குழந்தையின் கன்னத்தில் உராய்ந்தது. தேக்காவில் அதே ஜிப் நைட்டியைத் தொட்டுப் பார்த்து, ஜிப்பை மூடும் பட்டி இருக்கிறதா என்று பார்த்து எடுக்கலாம். முஸ்தபா பேரங்காடியில் விலை போட்டபடிதான், நடையும் அதிகம். கெலாங் சிராய் சந்தைக்கு மலாய்க்காரப் பக்கத்து வீட்டு அக்காவோடு ஒரே ஒரு முறை போனேன். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் இயல்பாகவே தொளதொளப்பு, வயிற்றுக்கு இதமாகத் தெரிந்தது. ஒரு தடவை போனதை வைத்து அங்கே பேரம் எப்படி என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

என் உடம்புக்கு மூன்று அங்குலம் போதும் என்றால் எல்லோருக்கும் போதும் என்று ஆகாது. இரட்டைப் பிள்ளை சுமப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தாங்காது என்றே நினைக்கிறேன். எனக்கே ஒன்பதாம் மாதத்தில் அம்பர்லா கட் ஒன்றுதான் சௌகரியமாக இருந்தது.

பிரசவம் முடிந்து மூன்றாம் மாதம் மூன்றையும் எடுத்துக்கொண்டு அதே தையல்கார அண்ணனிடம் போனேன். இரண்டைப் பழையபடி பிடித்துக் கொடுத்தார். பச்சைக் குர்த்தியில் மட்டும், பால் கொடுக்க வசதியாக முன்பக்க மடிப்புக்குள் ஜிப் வைத்து, மேலே பட்டி போட்டுத் தைத்தார். இந்தத் தடவை கூலியை நானே கொடுத்தேன். அந்தப் பச்சைதான் இப்போது வாரத்தில் மூன்று நாள் உடம்பில் இருக்கிறது.