டயலக்ஸ் ஈவோ: கபடித் திடலுக்கு ஃபிளட்லைட் திருப்பிப் பார்த்தால்

நெல்லைப் பக்கத்து ஊர்களில் ராத்திரி கபடிக்குக் கம்பம் நடுகிறவர்கள் விளக்கைக் குத்துமதிப்பாகத்தான் திருப்புவார்கள். அதற்குமுன் கணினியில் பார்த்துக்கொள்ள டயலக்ஸ் ஈவோ என்ற ஒளியமைப்பு மென்பொருள் போதும். விண்டோஸில் ஓடும், அடிப்படைப் பதிப்புக்குக் காசும் இல்லை.

ஆண்கள் ஆடுகளம் 13 மீட்டருக்கு 10. நான்கு மூலைக்கும் வெளியே 8 மீட்டர் கம்பம் என்று வையுங்கள். கம்பத்தடியிலிருந்து 8 மீட்டர் தள்ளி ஒளி விழ, நேர்கீழிலிருந்து 45 டிகிரி சாய்வு. 16 மீட்டர் தள்ளி என்றால் சுமார் 63. கோணத்தை நாமே அடிக்கலாம், இலக்குப் புள்ளியைத் தரையில் சொடுக்கியும் திருப்பலாம். இரண்டாவதுதான் வேகம்.

சறுக்குவது இங்கேதான். சமச்சீரற்ற ஃபிளட்லைட்டில் உச்ச ஒளி கண்ணாடிக்கு நேராக வராது, 60 டிகிரி வரைகூட விலகும். கண்ணாடியின் நேர்க்கோட்டை (சி0-ஜி0) இலக்கில் வைத்து 45 டிகிரி சாய்த்தால், உச்சம் 105 டிகிரிக்குப் போய்விடும். வெளிச்சமெல்லாம் வானத்துக்கு, ரெய்டருக்குக் கண்கூச்சம் மட்டும். உச்ச ஒளிச்செறிவை வைத்துத் திருப்பும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி கிட்டத்தட்ட தரைக்கு இணையாக நிற்பது தப்பாகத் தெரியும், தப்பில்லை.

விளக்குத் தயாரிப்பாளர் தரும் ஐஇஎஸ் கோப்பில் ஒளிப்பரவல்தான் உண்டு, விளக்குத் தலையைத் திருப்பும் மூட்டு கிடையாது. அதனால் திரையில் தலை மட்டும் திரும்பாது, விளக்கே சுழலும். சில கோப்புகள் 90 டிகிரி மாறி உட்காரும். செங்குத்து அச்சில் ஒரு திருப்பு.

பழைய மடிக்கணினி திணறும்.