கீகனின் புத்தகமா, பெரேடின் படமா?

கிளேர் கீகன் 2010-இல் எழுதிய 'ஃபாஸ்டர்' குறுநாவலை ஒரு சனிக்கிழமை வாசித்து முடித்து, அதிலிருந்து கோல்ம் பெரேட் எடுத்த 'த கொயட் கேர்ள்' படத்தை மறுநாளே பார்த்தேன். வரிசையை மாற்றியிருக்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் படத்தையே பாருங்கள்.

கதை ஒன்றுதான். ஐரிஷ் கிராமத்தில் பிள்ளைகள் நிறைந்த வீட்டில் யாரும் கண்டுகொள்ளாத சிறுமியை, அம்மாவுக்கு அடுத்த பிரசவம் வருவதால், கோடையில் உறவுக்காரத் தம்பதியின் பண்ணையில் கொண்டுபோய் விடுகிறார்கள். முதல் இரவே அவள் படுக்கையை நனைத்துவிட, பண்ணை வீட்டு அம்மா பழியை அவள்மேல் போடாமல் பழைய மெத்தைமேல் போடும் இடம் இரண்டிலுமே தொண்டையை அடைக்கிறது.

என்னைப் படத்தின் பக்கம் சாய்த்தது அவளுடைய மௌனம். புத்தகத்தில் அவளே கதை சொல்கிறாள். அழகான சொல்முறை, மறுப்பதற்கில்லை. ஆனால் நம் காதில் அவள் பேசிக்கொண்டே இருப்பதால், பிறர் சொல்லித்தான் அவள் வாயே திறக்காத பிள்ளை என்பது உறைக்கிறது. படத்தில் அந்தக் குரலே இல்லை. ஏறத்தாழச் சதுரமான சட்டகம், அவள் கண்ணுக்கு எட்டுகிற அளவு உலகம், நடுவில் அவளாக நடிக்கும் கேத்தரின் கிளின்ச்சின் முகம், அவ்வளவுதான். பண்ணை வீட்டுக்காரர் ஷான் அவளைப் பார்த்துக் கத்திவிடுகிறார், அப்புறம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தையும் கேட்காமல், போகிற போக்கில் மேசையில் ஒரு பிஸ்கட்டை வைத்துவிட்டுப் போகிறார். அந்த பிஸ்கட்டை அவள் பார்க்கும் பார்வைக்கு ஒரு பக்கம் எழுதினாலும் ஈடாகாது.

இன்னொன்று மொழி. கீகன் எழுதியது ஆங்கிலத்தில். படத்தில் அன்பான பண்ணை வீடு ஐரிஷ் பேசுகிறது, அவளுடைய அப்பா ஆங்கிலம் பேசுகிறார். அவர் வாயைத் திறந்தாலே குளிர் அடிக்கிறது. சப்டைட்டிலை நம்பிப் பார்த்தவன் நான், ஐரிஷ் அறிந்தவர்களுக்கு இதில் இன்னும் நிறையக் கேட்டிருக்கும்.

புத்தகம் முந்துவது முடிவில்தான். கடைசியில் அவள் சொல்லும் ஒற்றைச் சொல்லில் எச்சரிக்கையும் இருக்கிறது என்பதைக் கீகன் எழுதியே காட்டுகிறார், படத்தில் அதை நாம்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நான் வாசித்துவிட்டுப் போனதால் பிடிபட்டது, வாசிக்காமல் போயிருந்தால் தவறவிட்டிருப்பேனோ என்னவோ.